விமான நிலையத்தாரும் அவர்தம் பயிற்சியும்

ஆகாய விமானத்திற் பயணஞ் செய்யும் ஒருவர், தமது ஊரை விட்டுப் புறப்பட்டு வேறொரு நாட்டில் இறங்கும்வரையும் நேரிற் காணும் விமான சேவை உத்தியோகத்தர் மிகச் சிலரே. பயணச் சீட்டைப் பரிசோதிப்பவர் ஒருவர். பெட்டியை நிறுத்துப் பார்ப்பவர் ஒருவர். விமானத்தினுள்ளே உபசரிக்கும் பணியாளர் சிலர். விமானியின் குரலை மாத்திரம் கேட்கலாம். ஆயினும் அப்பயணியின் உயிர், அவர் ஒருபோதும் காணாத வேறு பலருடைய கையிலும் இருக்கின்றது. கோபுரத்து உச்சியிலே கண்ணாடி அறையில் இருந்துகொண்டு எந்த விமானம் எப்பொழுது ஓடுபாதையில் ஏறலாம் எனக் கட்டளையிடுபவர், விடியுமுன் ஓடுபாதை நெடுகிலும் வண்டியோட்டிச் சென்று ஆணியும் கல்லும் கிடக்கின்றனவா எனப் பார்ப்பவர், தீயணைப்பு வண்டியின் அருகே காலணியோடு காத்திருப்பவர், வானிலையைக் கணித்துச் சொல்பவர், வழிகாட்டுங் கருவிகளைப் பழுதின்றிப் பேணும் பொறியியலாளர், இவர்கள் எல்லாரையும் ஒருமுகப்படுத்தும் முகாமையாளர் ஆகியோர் அவ்வாறானவர்கள். இவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி எத்தகையது, அதனுள் எது கடினமானது என்பன பொதுமக்கள் அதிகம் அறியாத செய்திகள்.

இப்பயிற்சிக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு. இரண்டாவது உலக யுத்தம் முடியுமுன்னரே, 1944ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7ஆம் திகதி, அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்திலே 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. அதன் பயனாக 1947இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் தோன்றியது. அதன் தலைமையகம் கனடாவிலுள்ள மொன்றியல் நகரில் இருக்கின்றது. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948இல் அதிற் சேர்ந்தது. உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு, விமானத் தொழிலில் எவரெவர் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும், அதற்கு எவ்வளவு வயதும் அறிவும் அனுபவமும் தேகநிலையும் தேவை என்பவற்றை வகுத்துரைக்கின்றது. ஒரு நாட்டிற் பயின்றவர் கொடுக்கும் கட்டளையை இன்னொரு நாட்டு விமானி ஐயமின்றி ஏற்றுக்கொள்வது இந்தப் பொது அளவுகோல் இருப்பதனாலேயே ஆகும்.

இலங்கையின் விமான நிலையங்களுள் முதன்மையான பழைமையுடையது இரத்மலானை. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதல் விமானம் அங்கு இறங்கியது. 1947இல் எயர் சிலோன் சேவை அங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. சர்வதேசப் போக்குவரத்து 1960களிலே கட்டுநாயக்காவுக்கு மாறிய பின்னரும் பயிற்சிக் கலை இரத்மலானையை விட்டு நீங்கவில்லை. நாட்டின் சிவில் விமானப் பயிற்சி நிலையம் இன்றும் அங்கேயே உள்ளது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அங்கே பயிற்றப்படுகின்றனர். பயிற்சி நிலையத்தை நடத்துவது விமான நிலையங்களை நிருவகிக்கும் நிறுவனம். அனுமதிப்பத்திரம் வழங்குவதோ 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சிவில் விமானச் சேவை அதிகாரசபை. பாடஞ் சொல்பவரும் பத்திரம் வழங்குபவரும் வேறு வேறு கையினராய் இருத்தல் நன்று. தன் பிள்ளைக்குத் தானே புள்ளியிடும் ஆசிரியர் எவ்வளவு நேர்மையுடையவராயினும் ஊரார் நம்புவது அரிது.

கோபுரத்துக் கட்டுப்பாட்டாளரின் பயிற்சியை ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். அனுமதிப்பத்திரம் பெறுபவருக்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். கண்ணும் செவியும் நிறமறியும் திறனும் வைத்தியரால் பரிசோதிக்கப்படும். முதலில் வகுப்பறைப் படிப்பு. விமானச் சட்டம், வானிலை, வழியறிதல், விமானங்களின் இயல்பு, கருவிகளின் இயல்பு என்பவற்றோடு, மனிதரின் மனமும் உடலும் எவ்வாறு தவறிழைக்கின்றன என்பதும் ஒரு பாடமாக இருக்கின்றது. அதன் பின்னர் பாவனை அறை. உண்மைக் கோபுரத்தைப் போன்றே அமைத்த அறையொன்றிலே சுற்றிலுந் திரைகள் இருக்கும். அவற்றில் ஓடுபாதையும் விமானங்களும் தோன்றும். அடுத்த அறையிலிருந்து சிலர் விமானிகளைப் போலக் குரல் கொடுப்பர். மழையும் இருளும் மூடுபனியும் ஆசிரியர் விரும்பியபோது வரும். மாணவர் தவறிழைத்தால் திரையிலே இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளும், ஒருவருக்கும் நோவில்லை. திரையை மீண்டும் ஆரம்ப நிலைக்குத் திருப்பிவிடலாம்.

மூன்றாம் படியிலே திருப்புதற்கு இடமில்லை. மாணவர் உண்மைக் கோபுரத்தில் அமர்ந்து உண்மை விமானங்களுக்குக் கட்டளையிடுவார். அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர் அருகிலிருந்து, காதிலே தானும் கேட்கும் கருவியை அணிந்துகொண்டு, வேண்டிய கணத்தில் இடைமறித்துப் பேச ஆயத்தமாயிருப்பார். மாணவர் சொல்லுஞ் சொல்லுக்குப் பொறுப்பாளி அவரே. இவ்வாறு மூன்று மாதத்துக்குக் குறையாமல் மேற்பார்வையின் கீழ்ப் பணிபுரிந்தாலன்றிப் பத்திரங் கிடையாது. அதுவும் எல்லாப் பணிக்கும் ஒரே பத்திரம் அன்று. நிலையத்துக் கட்டுப்பாடு, அணுகிவரும் விமானங்களின் கட்டுப்பாடு, பரந்த வான்வெளியின் கட்டுப்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகுதி வேண்டும். ஒரு கோபுரத்தில் இருபது ஆண்டு பணிசெய்தவரும் வேறொரு கோபுரத்துக்கு மாறினால் மீண்டும் மாணவராகவே ஏறுவார்.

இவ்வளவு கேட்டவர்கள், இயந்திரங்களைக் கையாளக் கற்பதே இப்பயிற்சியின் கடினமான பகுதி என எண்ணக்கூடும். அவ்வாறன்று. கடினமானது பேசுவதும் கேட்பதும். இதனை உலகம் கற்றுக்கொண்ட விதம் மிகக் கொடியது.

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஸ்பானியாவுக்குரிய கனேரித் தீவுகள் இருக்கின்றன. 1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி, அத்தீவுகளின் பெரிய விமான நிலையமொன்றிலே குண்டு வெடித்தது. அங்கே இறங்கவேண்டிய விமானங்கள் பல தெனெரீபே என்னும் அயற்றீவிலுள்ள லொஸ் றொடேயோஸ் என்ற சிறு நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. அந்நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்றே. பக்கத்துப் பாதையின் ஒரு பகுதியில் விமானங்கள் நெருங்கி நின்றமையால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மீதே எதிர்த்திசையிற் சென்று அதன் முடிவில் திரும்ப வேண்டியிருந்தது. ஒல்லாந்த நாட்டு விமானம் ஒன்று முன்னே சென்று திரும்பி நின்றது. அமெரிக்க விமானம் ஒன்று அதே ஓடுபாதையிற் பின்னால் வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747 என்னும் மிகப் பெரிய விமானங்கள். நிலையம் மலைப்பாங்கான இடத்தில் அமைந்ததாதலின் மேகம் தாழ்ந்து வந்து ஓடுபாதையை மூடிற்று. ஒரு விமானத்தார் மற்றதைக் காணவில்லை. கோபுரத்தார் இரண்டையுங் காணவில்லை. நிலத்திலுள்ள விமானங்களைக் காட்டும் றேடார் அங்கு இல்லை. எஞ்சியது வானொலிக் குரல் மாத்திரமே.

கோபுரத்தார் ஒல்லாந்த விமானத்துக்கு, புறப்பட்ட பின் எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை அறிவித்தனர். அது வழியைக் குறிக்கும் அனுமதியேயன்றி, ஓடத் தொடங்குவதற்கு அனுமதி அன்று. ஆயினும் 'டேக் ஓஃப்' என்னுஞ் சொல் அந்த வாசகத்தின் நடுவே வந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, முடிவிலே தாங்கள் இப்பொழுது 'டேக் ஓஃப்'பில் இருப்பதாக ஆங்கிலத்திற் கூறினார். புறப்படுதற்கு ஆயத்தமாக நிற்கின்றனர் எனக் கோபுரத்தார் அதனை விளங்கிக்கொண்டனர். அவரோ ஓடத் தொடங்கிவிட்டதையே குறித்திருக்கலாம். ஒல்லாந்த மொழியின் வாக்கிய அமைப்பு அவரது ஆங்கிலத்திற் கலந்துவிட்டது எனக் கருதுவோர் உளர்.

யாழ்ப்பாணத்திலே வீட்டை விட்டுச் செல்பவர் 'போட்டு வாறன்' என்று சொல்லிப் படியிறங்குவார். போகின்றவர் 'வாறன்' என்பதேன் என ஒருவரும் திகைப்பதில்லை. முகத்தையும் வாசலையும் கண்டு பொருளறிகின்றனர். மூடுபனியில் முகமும் இல்லை, வாசலும் இல்லை.

கோபுரத்தார் 'ஓகே' என்றனர். சிறிது தாமதித்து, நில்லுங்கள், அழைப்போம் என்ற பொருள்படத் தொடர்ந்தனர். அதே கணத்தில் அமெரிக்க விமானத்தார், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக வானொலியிற் கூறினர். ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே பேசியமையால், ஒல்லாந்த விமானிகளின் செவிக்கு எட்டியது 'ஓகே' என்னும் ஒரு சொல்லும், அதன் பின் சில விநாடி நீடித்த ஒரு கீச்சொலியுமே. விமானம் ஓடியது. அமெரிக்க விமானம் ஓடுபாதையை விட்டு அகன்றுவிட்டதா என்று பின்னாலிருந்த விமானப் பொறியாளர் வினவினார். தலைமை விமானி, ஆம் என்று உறுதியாகச் சொன்னார். பொறியாளர் மேலும் வற்புறுத்தவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். அமெரிக்க விமானத்தில் இருந்தோருள் 61 பேர் மாத்திரம் பிழைத்தனர். ஒல்லாந்த விமானத்தில் இருந்தோருள் ஒருவரேனும் பிழைக்கவில்லை.

அந்தத் தலைமை விமானி அனுபவமற்றவர் அல்லர். தமது நிறுவனத்தில் அவ்வகை விமானத்துக்குரிய பயிற்சிக்குத் தலைவராயிருந்தவர். மற்ற விமானிகளைப் பரீட்சித்துத் தேர்ச்சியளித்தவர். பல ஆண்டுகளாக அவர் பெரும் பொழுதைப் பாவனைக் கூண்டிலே மாணவரோடு கழித்திருந்தார். அக்கூண்டிலே கோபுரம் இல்லை. ஆசிரியரே கோபுரமாகவும் இருந்து, வேண்டியபோது அனுமதியைத் தாமே கொடுத்துவிடுவார். காத்திருத்தல் என்பது அங்கு நிகழ்வதில்லை. பணிநேர வரம்பு நெருங்கிய கவலையோடு இந்தப் பழக்கமும் விபத்துக்கு உதவியிருக்கக்கூடும் என விசாரணையாளர் குறித்துள்ளனர். பயிற்சி என்பது கற்பிக்கப்பட்டதை மாத்திரம் பழக்குவதில்லை. பயிற்சிக் கூடத்தில் எது இல்லையோ, அது இல்லாமலே தொழில் நடக்கும் என்னும் எண்ணத்தையும் அது பழக்கிவிடுகின்றது. இக்காலத்துப் பாவனை அறைகளிலே வீணாகக் காத்திருக்கச் செய்வதும், பொருந்தாத நேரத்திற் குரல் குறுக்கிடுவதும், அனுமதியை மறுப்பதும் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதன் காரணம் இதுவே.

இந்த விபத்தின் பின்னர் சொற்கள் திருத்தப்பட்டன. 'டேக் ஓஃப்' என்பது, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அவ்வனுமதியை மீளப் பெறும்போதும் மட்டுமே உச்சரிக்கப்படும். மற்ற வேளைகளில் 'டிப்பார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். 'ஓகே' போன்ற நெகிழ்ந்த சொற்களுக்கு இடமில்லை. ஓடுபாதையில் நுழைதல், அதைக் கடத்தல், அதன் புறத்தே நிற்றல், இறங்குதல், புறப்படுதல் ஆகிய கட்டளைகளை விமானி முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டளையிட்டவர் அதைச் செவிமடுத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது செயல் முதலாவதிலும் கடினம். தான் சொன்னதையே மற்றவர் திருப்பிச் சொல்வார் என எதிர்பார்க்கும் செவி, தவறாகச் சொன்னதையும் சரியாகவே கேட்டுவிடும். ஆசிரியர்கள் பாவனை அறையில் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றித் திருப்பிச் சொல்லி மாணவரைச் சோதிப்பது இதனாலேயே.

எழுத்துகளையும் இலக்கங்களையும் சொல்லும் முறையும் பயிலப்பட வேண்டியதே. 1956ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கிவரும் அல்ஃபா, பிராவோ, சார்லி என்னும் வரிசை பலரும் அறிந்தது. அதன் அருமையைத் தமிழரே நன்கு உணரலாம். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'யாகவே நிற்கும். பிராவோ, பாப்பா என்றால் மயக்கமில்லை. மூன்று என்பதை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் உச்சரிக்கப் பழக்குவர். வகுப்பறையில் இது சிரிப்பை மூட்டும். இரைச்சல் மிகுந்த வானொலியில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாகவே ஒலிப்பதைக் கேட்ட பின் சிரிப்பு நின்றுவிடும்.

வரையறுத்த சொற்கள் இருந்தும் மொழியறிவு குறைந்தால் ஆபத்தே. 1990ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் திகதி, கொலம்பியா நாட்டு விமானம் ஒன்று நியூ யோர்க் நகரை அணுகி, வானிலை மோசமாயிருந்தபடியால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக ஆகாயத்திற் காத்து நின்றது. எரிபொருள் தீர்ந்துகொண்டு வருகின்றது என்றும் முதன்மை வேண்டும் என்றும் சொன்ன துணை விமானி, அவசர நிலை என்பதற்குரிய சொல்லைச் சொல்லவில்லை. கோபுரத்தார் அதன் கடுமையை உணரவில்லை. விமானம் எரிபொருளின்றி விழுந்து 73 பேர் இறந்தனர். 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் திகதி இந்தியாவின் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டபோது, ஆங்கில அறிவின் குறை பெரிதும் பேசப்பட்டது. 2003இல் சர்வதேச நிறுவனம் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் ஆங்கிலத் தேர்ச்சியை ஆறு படிகளாக வகுத்தது. சர்வதேசப் பணிக்கு நான்காம் படியேனும் வேண்டும். அப்படியில் நிற்பவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பரீட்சிக்கப்படுவார். இலக்கிய ஆங்கிலம் அங்கே மதிக்கப்படுவதில்லை. எதிர்பாராத ஒன்று நிகழும்போது, மனப்பாடஞ் செய்த வாசகங்கள் கைவிட்ட நிலையிலே, தெளிவாக வினவவும் விளக்கவும் முடிகின்றதா என்பதே பரீட்சை.

தெனெரீபேயில் அந்தப் பொறியாளர் மேலும் வற்புறுத்தாதது ஏன் என்னும் வினாவும் எஞ்சியிருந்தது. 1979இல் அமெரிக்க விண்வெளி நிலையம் இதுபற்றி அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்தது. 1981இல் அந்நாட்டு விமான நிறுவனம் ஒன்று, விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிப் பணியாற்றுவது என்பதையே ஒரு பயிற்சியாகத் தொடங்கியது. இன்று அது கோபுரத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும் பரவியுள்ளது. ஐயம் தீரும்வரை இளையவர் மீண்டும் கேட்க வேண்டும். கேட்பதை மூத்தவர் குறையாகக் கொள்ளலாகாது. மூத்தோர் வாக்குக்கு எதிர்வாக்குச் சொல்லலாகாது என்று பிள்ளைகளை வளர்க்கும் நாடுகளிலே இப்பாடம் மற்றெல்லாப் பாடங்களிலும் கடினமானது. மாணவரைக் காட்டிலும் மூத்த உத்தியோகத்தருக்கே இது முதலிற் கற்பிக்கத்தக்கது.

ஏனையோர் பயிற்சியைச் சுருக்கமாகவே கூறலாம். ஓடுபாதையைப் பார்வையிடுபவர் எத்தனை சிறிய பொருளையும் பொருட்படுத்தக் கற்கின்றார். 2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆம் திகதி பாரிஸ் நகரிற் கொன்கோட் விமானத்தின் சில்லைக் கிழித்து, 113 பேரின் சாவுக்கு வழிவகுத்தது, முன்னர் சென்ற விமானத்திலிருந்து விழுந்த ஏறக்குறைய 43 சென்ரிமீற்றர் நீளமான உலோகத் தகடு ஒன்றே. தீயணைப்போர், ஓடுபாதையின் எம்மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் சென்று சேர வேண்டும்; இரண்டு நிமிடமே விரும்பத்தக்கது. இரும்பினால் விமானத்தைப் போற் செய்த கூட்டிலே உண்மையாகவே தீ மூட்டி, புகையினுள் நுழைந்து பழகுகின்றனர். முகாமையாளரோ, வைத்தியசாலை, பொலிசு, கடற்படை, பத்திரிகையாளர் எல்லாரையும் ஒரே மணித்தியாலத்திற் சமாளிக்கப் பயில்கின்றார். குறித்த கால இடைவெளிக்கு ஒருமுறையேனும் விமான நிலையம் முழுவதும் சேர்ந்து ஒரு பொய் விபத்தை நடத்திப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி போன்ற சிறிய நிலையத்துக்கும் பெரிய நிலையத்துக்குரிய அதே விதிதான். ஆட்கள் குறைந்த இடத்தில் ஒருவர் இரண்டு கடமைகளைப் பயில நேரிடும். ஆகையாற் சிறிய நிலையத்தாரின் பயிற்சி எளிதென்று எண்ணலாகாது.

பயிற்சி எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை ஒரே ஓடுபாதையில் ஒரே மாலைப்பொழுதிற் காட்டிய நிகழ்ச்சி ஒன்று யப்பானிலே நடந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2ஆம் திகதி, தோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய பெரிய பயணிகள் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படையின் சிறு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. பெரிய விமானத்தில் 379 பேர் இருந்தனர். ஒலிபெருக்கி இயங்கவில்லை. எட்டு வாயில்களுள் மூன்றே தீயினின்று தப்பியிருந்தன. பணியாளர்கள் உரத்த குரலாற் கட்டளையிட்டு, தீயற்ற வாயிலைக் கண்ணாற் கண்டு தெரிந்து, பெட்டிகளை விட்டுவிடச் செய்து, 379 பேரையும் வெளியேற்றினர். சிறு விமானத்தில் இருந்த அறுவருள் ஐவர் மாண்டனர்.

சிறு விமானத்துக்கு ஓடுபாதையில் நுழைய அனுமதி கொடுக்கப்படவில்லை. புறப்படும் வரிசையில் அது முதலாவது என்று கோபுரத்தார் சொல்லியிருந்தனர். ஓடுபாதைக்குப் புறத்தே நிற்கும் இடத்தையும் குறித்திருந்தனர். நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாகவே விமானக் குழுவினர் நம்பினர். ஏறக்குறைய 40 விநாடி அது ஓடுபாதையில் நின்றது. கோபுரத்துத் திரை நிறம் மாறி எச்சரித்தது. பல பணிகளில் ஈடுபட்டிருந்த கட்டுப்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை. சில நாட்களுள் அத்திரையை மாத்திரம் இடையறாது பார்த்துக்கொண்டிருப்பதற்கென ஓர் உத்தியோகத்தர் அங்கே அமர்த்தப்பட்டார். 'முதலாவது' எனப் புறப்படும் வரிசையைச் சொல்லும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. தம் முறை எப்பொழுது வரும் என்பதை முன்கூட்டி அறிவது விமானிகளுக்குப் பயனுடையது என்பதால், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அச்சொல் மீண்டும் கோபுரத்துக்கு வந்தது.